யூத் பார்க் கூட்டத்துக்கும் காசு குடுத்த எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி

வணக்கம் பினாங்கு மக்களே. ஓட்டம் நல்லபடியா முடிஞ்சுது, 21 கிலோமீட்டரும் ஓடிட்டேன், நீங்க குடுத்த காசு ஒரு வெள்ளி விடாம பிள்ளைங்க கேன்சர் நிதிக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு, ரசீது என்கிட்ட இருக்கு, யாருக்கு வேணும்னாலும் வாட்ஸாப்ல அனுப்புறேன். இத மொதல்ல சொல்லிடணும், காசு குடுத்தவங்களுக்கு அது தெரியணும்ல.

ஏன் ஓடுனேன்னு சில பேருக்குத் தெரியாது. எங்க அண்ணன் மகளுக்கு லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், அதுல ஏ.எல்.எல்.னு ஒரு வகை, சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற கேன்சர்ல அதிகமா வர்றது இதுதான். காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு, கால் எலும்பு வலிக்குதுன்னு ராத்திரியில அழுவா, எங்கயும் விழாமலே உடம்புல நீலம் நீலமா கன்னிப் போயிருந்துச்சு, மூஞ்சி வெளுத்துப் போச்சு. உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படி இருந்தா தள்ளிப் போடாதீங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க. இந்த சிகிச்சை 2 வருஷத்துக்கு மேல போகும். நல்லா குணமாகுற நோய்தான், ஆனா நடுவுல நிறுத்தவே கூடாது, அங்கதான் குடும்பங்க திணறுது. வார்டுல பக்கத்துக் கட்டில்ல கெடாவுல இருந்து வந்த அம்மா இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரரு தினக்கூலி, பிள்ளைய பாக்க வர்ற ஒவ்வொரு நாளும் சம்பளம் போயிடும், அதுக்கு மேல பஸ் காசு, தங்குற செலவு, சாப்பாடு. மருந்துக்கு மட்டும் காசு இருந்தா பத்தாதுன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அதுக்குத்தான் ஓடுனேன்.

இப்ப நன்றி. மொதல்ல நம்ம பி.ஜே. சார், பள்ளிக்கூடத்துல உடற்கல்வி வாத்தியாரா இருந்தவரு. ரிட்டையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, காலையில ஆறு மணிக்கு எனக்கு முன்னாடியே யூத் பார்க் வாசல்ல நிப்பாரு. ஒரு நிமிஷம் ஓடு ரெண்டு நிமிஷம் நட-ன்னு ஆரம்பிச்சு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா தூரத்த ஏத்தி, நடுவுல ஒரு வாரம் வேணும்னே கொறச்சு, முட்டிக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டாரு. வாட்டர்ஃபால் ரோடு ஏத்தத்துல நின்னுடலாமான்னு தோணும்போதெல்லாம் "மூச்ச விடும்மா, தோள எறக்கு"ன்னு பின்னாலயே வருவாரு. சார், உங்க கால்ல விழுந்து கும்பிடணும்.

கூடவே நடந்த ஆன்ட்டிமாருங்களுக்கும், கல்லாப்பெட்டி பக்கத்துல உண்டியல் டின்ன வச்சி வர்றவங்க கிட்டயெல்லாம் எடுத்துச் சொன்ன நாசி கண்டார் கடை பாய்க்கும், அவங்க தாமான் முழுக்க வீடு வீடா போய் வசூல் பண்ணிக் குடுத்த சீன ஆன்ட்டிக்கும் நன்றி, தெரிமா காசே ஆன்ட்டி! எங்க அத்தை ஞாயித்துக்கிழமையெல்லாம் பிள்ளைங்கள குளிப்பாட்டி பசியாற வச்சி பாத்துக்கிட்டாங்க, அவங்க இல்லன்னா எனக்கு பயிற்சியே கெடையாது. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறும்போது அவங்க பேர்ல ஒரு அர்ச்சனை கண்டிப்பா இருக்கு.

கடைசியா, பேரு கூட தெரியாத ரத்தம் குடுத்தவங்க. கீமோ, அதான் கேன்சர் மருந்து, போகும்போது ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் அப்படியே எறங்கிடும், அத சேத்து வைக்கவும் முடியாது, 5 நாள்தான் தாங்கும், அதனால யாராவது குடுத்துக்கிட்டே இருக்கணும். எங்க பிள்ளைக்கு ஏத்துன ஒவ்வொரு பைக்கும் பின்னால யாரோ ஒருத்தர் வேலை நேரத்த விட்டுட்டு வந்து கைய நீட்டி உக்காந்திருக்காங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியல, நல்லா இருக்கணும் நீங்க. காசு குடுக்க முடியாதவங்க இத செய்யுங்க, ரத்த வங்கில கேட்டா சொல்லுவாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமையும் நாங்க யூத் பார்க்லதான் இருப்போம், ஓட வேணாம், நடக்க மட்டும் வர்றவங்களும் வாங்க, முடிச்சிட்டு எல்லாருக்கும் தோசையும் தே தாரிக்கும் என் செலவு.