மகேஸ்வரிக்கு, இன்டர்வியூவுக்கு முன்னால்

அன்புள்ள மகேஸ்வரி,

மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது என்று சித்தி போனில் சொன்னார். நாலு வருடப் புத்தகங்களையும் பரணிலிருந்து இறக்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாயாமே? மூடி வை. இன்டர்வியூ பேனலில் என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள் சொல்கிறேன். நைட் டியூட்டியில் சீனியர் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் இந்தப் பெண்ணை நம்பி வார்டை விடலாமா? நாங்கள் பார்ப்பது அவ்வளவுதான்.

'ரத்தம் ஏற ஆரம்பித்துப் பத்து நிமிஷம். பேஷன்ட் குளிருது என்று நடுங்குகிறார். என்ன செய்வாய்?' இது அநேகமாக எங்கே போனாலும் வரும். பலரும் 'டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவேன் மேம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். டாக்டர் வரும்வரை ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்குமே! முதலில் ரத்தத்தை நிறுத்து. ரத்தம் ஏறும் குழாய் செட்டை மாற்றி, நார்மல் சலைன் (உப்பு நீர்) போட்டு, கையில் போட்ட லைன் அடைபடாமல் காப்பாற்று. அப்புறம் டாக்டருக்குச் சொல், வைட்டல்ஸ் (நாடி, பிபி, காய்ச்சல்) பார். பையில் உள்ள பெயரையும் குரூப்பையும் மறுபடி கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார். மிச்சம் இருக்கும் பையைக் குப்பையில் போட்டுவிடாதே, அது செட்டோடு பிளட் பேங்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.

நான் விரும்பிக் கேட்பது இன்சுலின். சிவப்பு மூடி ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று என இரண்டு சிரிஞ்சை மேஜையில் வைப்பேன். இன்சுலின் வயலில் (மருந்துக் குப்பி) 40 ஐ.யு., அதாவது மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருக்கிறது, டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார், எதை எடுப்பாய்? சிவப்பு 40-க்கு, ஆரஞ்சு 100-க்கு. இந்த வயலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். 100 ஐ.யு. மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடுவரை இழுத்தாலோ 50 யூனிட் போய்விடும். விடிவதற்குள் சர்க்கரை தாழ்ந்து ஆள் நினைவிழந்து கிடப்பார். அதோடு விடமாட்டேன். 'ஆரஞ்சுதான் ஸ்டாக் இருக்கிறது, இப்போது?' என்பேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் கணக்குப் போட்டு ஏற்றிக்கொள்வதாகச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காத பதில். பார்மசியிலிருந்து சரியான சிரிஞ்சை வாங்கித்தான் போடுவேன் என்கிறவளுக்கே என் மார்க்.

டிரிப் கணக்கு கட்டாயம் உண்டு. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுக்க வேண்டும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மைக்ரோ செட் (சின்னச் சொட்டு விழுவது) என்றால் மில்லிக்கு 60 சொட்டு. குப்பை வாளி நிறங்களை ஒருமுறை பார்த்துக்கொள்: ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி வயல் நீலத்துக்கு, ஐவி செட் சிவப்புக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காதே. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ரிப்போர்ட் பண்ண வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது.

ஆங்கிலம் வராதே என்று அழுதாயாம். உன்னைப் பற்றிச் சொல் என்றால் அப்பா பெயர், ஹாபி என்று ஒப்பிக்காமல், எந்த வார்டில் போஸ்டிங், என்னென்ன கேஸ் பார்த்தாய் என்று நாலு சின்ன வாக்கியம் சொன்னால் போதும். இடையில் தடுமாறினால் 'தமிழில் சொல்லட்டுமா மேம்' என்று கேள். முகம் சுளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் வார்டில் நீ பேசப்போவது உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர்களிடம். தெரியாத கேள்விக்கு 'தெரியவில்லை, சீனியரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்' என்று சொல். தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துவிடுகிற பெண்ணைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றால் 'நீங்க பார்த்துக் கொடுங்க' என்று குழையாதே. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், தருகிற இடம் குறைவு. இருந்தாலும் உன் வாயிலிருந்து ஒரு தொகை வரட்டும். நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட், ஹாஸ்டலுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடு. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று சித்தி சொல்வார், காதில் போட்டுக்கொள்ளாதே.

நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், டிகிரி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக எடுத்துப் போ. காட்டு, ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைத் திரும்பப் பைக்குள் வை. இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடு, ஒரிஜினல் எங்களிடமே இருக்கட்டும் என்று ஆரம்பித்தால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் பெரியம்மா மகள், அக்கா