நெருப்பு இறங்காத நாட்களில்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "எல்லாரும் கண்ணீர் விட்டு ஆராதிக்கிறார்கள், எனக்கு மட்டும் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது" என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். இதைப் போனில் பேசினால் நான் பிரசங்கம் பண்ணிவிடுவேன், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

உன் விசுவாசத்தில் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "இன்றைக்கு ஆண்டவருடைய பிரசன்னம் பலமாக இருந்தது" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். பாட்டு நன்றாக அமைந்தது, மனசு உருகியது, சந்தோஷம். பாட்டு சரியாக அமையாத வாரம் ஆண்டவர் லீவில் போய்விட்டாரா?

வேதத்தில் 1 இராஜாக்கள் 18, 19 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படி. நாம் 18-ஐப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசியின் ஜெபத்துக்குப் பதிலாக வானத்திலிருந்து அக்கினி இறங்குகிறது. ஜனங்கள் முகங்குப்புற விழுகிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே அதே எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். அக்கினியைக் கண்ணால் பார்த்தவன்! அவனுக்கு ஆண்டவர் உடனே புத்தி சொல்லவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் பயணம். கேள்வியும் பேச்சும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான்.

அந்த மலையில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் வந்தன. அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கர்மேலில் அக்கினியால் பதில் சொன்னவர், இங்கே அமர்ந்த மெல்லிய சத்தத்தில் வருகிறார். போன தடவை வந்த வழியிலேயே இந்தத் தடவையும் வரவேண்டும் என்று அவருக்குக் கட்டாயமில்லை. இன்னொன்றும் கவனி: "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று புலம்பியவனிடம், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் உண்டு என்று சொல்லி, எலிசாவைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். கூட நடக்க ஒரு ஆள்! அதுவும் அவர் கூட இருக்கிற விதம்தான் என்பது என் எண்ணம். உனக்கு அங்கே மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?

லூக்கா 24-இல் எம்மாவு என்ற ஊருக்குப் போன இரண்டு சீஷர்களை நினைத்துப் பார். உயிர்த்தெழுந்த இயேசு பக்கத்திலேயே நடந்து வருகிறார். இவர்களோ அவரிடமே, "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று துக்க முகத்தோடு சொல்கிறார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். மோசே முதல் தீர்க்கதரிசிகள் வரைக்கும் அவர் விளக்கிக்கொண்டே வருகிறார். அப்போதும் ஆள் யாரென்று தெரியவில்லை. பந்தியில் அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது, அந்த நிமிஷமே அவர் மறைந்துவிட்டார். அதற்கப்புறம்தான், வழியிலே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அது அவர்களுக்கே புரியவில்லை. அந்த வழி முழுவதும் அவர் கூடத்தான் நடந்தார். கடைசி நிமிஷம் மட்டும் இல்லை.

பெரிய அனுபவம் கிடைத்தவர்களுக்கும் அது தினசரிச் சாப்பாடாக இருந்ததில்லை. கணித மேதை பாஸ்கலுக்கு 1654 நவம்பர் 23 இரவு சுமார் இரண்டு மணி நேரம் அப்படி ஒன்று நடந்தது. "அக்கினி" என்று காகிதத்தில் எழுதி, அதைச் சட்டையின் உட்புறம் தைத்து வைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் அது பிறர் கண்ணில் பட்டது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகள் தேவனுடைய சமுகத்தை உணராமலேயே அவர் ஊழியம் செய்தது தெரியவந்து பலர் அதிர்ந்துபோனார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 88-ஐச் சத்தமாகப் படி. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல். திருவிருந்தைத் தவறவிடாதே, மனசு வெறுமையாக இருந்தாலும் போய்க் கையை நீட்டு. முக்கியமாக, ராத்திரி ஒழுங்காகத் தூங்கு.

அப்புறம் மத்தேயு 28-ஐ எடுத்துப் பார். "உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்பது நமக்கு மனப்பாடம். மூன்று வசனம் முன்னால், அதே மலையில் இயேசுவைக் கண்டு பணிந்துகொண்ட சீஷர்களில், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. அவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு அவர் வாக்கு கொடுத்ததாக எங்கும் இல்லை. அந்தச் சிலர் யார் யாராக இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. தோமா ஒருவன் மட்டும் இல்லை போலிருக்கிறது. உனக்கு யாரென்று தோன்றுகிறது, எழுது.

அன்புடன்,
அப்பா