பவர்பாயிண்ட் தெரிந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருங்கால ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தேவை என்ற கட்டுரையைப் படித்தேன். தேவைதான், சரி. ஆனால் அதைத் தனிப் பாடமாக வைத்து, தேர்வு நடத்தி முடித்துவிடுவதில்தான் கோளாறு. நான் பார்த்த ஒரு பயிற்சி மாணவி, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் இருந்ததை வரி பிசகாமல் வாசித்தார். கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தாலும் அதே பாடம்தான். இன்னொருவர் ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து, முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டே இருக்க, கூட்டுத்தொகை 180 டிகிரியை விட்டு நகரவில்லை. "எப்படி இழுத்தாலும் அதேதான் வருது!" என்று ஒரு பையன் கத்தியேவிட்டான்.

பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் பின்னிப்பிணைந்தவை என்று 2006-இல் கல்வி ஆய்வாளர்களான மிஸ்ராவும் கோலரும் எழுதினார்கள். அப்படியானால் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் பேராசிரியரே ஜியோஜிப்ராவையும் சொல்லித்தர வேண்டும். அவருக்கு முதலில் யார் சொல்லித்தருவது என்பது வேறு கதை! அப்புறம், திரை வேலை செய்யாத நாளில் அதே பாடத்தை எப்படி நடத்துவது என்பதையும் பயிற்சியிலேயே பழக்கிவிடலாம்.

- ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்