'இல்லை' என்று எழுதி அனுப்பியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒரு குடும்பத்துக்காக ரஷ்யாவின் பழைய பதிவேடுகளில் நாம் தேடிய முன்னோர் யெகோரின் பிறப்புக்கு, காப்பகம் முத்திரை போட்டுத் தந்த சான்று செவ்வாய்க்கிழமை கைக்கு வந்துவிட்டது. கெடு முடிய 6 நாள் மிச்சம். நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதமாக நீங்களும் கூடவே இருந்தீர்கள். எந்தக் குடும்பம், எந்தக் கிராமம் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் இனியாவது நிம்மதியாகத் தூங்கட்டும். பதற்றம் அடங்கி, எல்லாம் தானாக நடந்ததுபோல் தோன்றத் தொடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

மொத்தமாகச் சொல்ல வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். ரஷ்யாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய டாக்டர்களுக்கு ஒரு கும்பிடு. ரஷ்ய அச்செழுத்து உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மருந்துச் சீட்டுகளைப் படித்துப் பழகிய கண்கள் வேறு. ஆனாலும் 1870களின் பாதிரியார் கையெழுத்து உங்களையே திணற வைத்தது. 'த' ஒலிக்கான எழுத்தும் 'ஷ' ஒலிக்கான எழுத்தும் மூன்று கால்களோடு ஒன்றுபோலவே நிற்கும். தலைக்கு மேலே கோடு இருந்தால் த, காலுக்குக் கீழே இருந்தால் ஷ. கோடே போடாத புண்ணியவான்களும் உண்டு. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் கழிக்கப்பட்ட எழுத்துகளைப் படம் வரைந்து அனுப்பியவருக்கும் நன்றி. ஃபியோதோர் என்ற பெயரைப் பழைய அகரவரிசையில் தேடினால் அது ஏறக்குறைய கடைசியில்தான் கிடைக்கும் என்பதை அந்தப் படம் இல்லாமல் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

பாட்டி வழியின் போலந்துக் கிளை ஒரே மாலையில் முடிந்தது. போலந்து வம்சாவளிச் சங்கத்தின் கெனெடெகா தளத்தில் தன்னார்வலர்கள் பதிவுகளை வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பதால்தான் அது முடிந்தது. ரஷ்யப் பேரரசின் கீழிருந்த அந்தப் பகுதியில் 1868 முதல் பதிவுகள் ரஷ்ய மொழியில் இருக்கும். தேதி பழைய, புதிய நாட்காட்டி இரண்டின்படியும் எழுதியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட மகனின் அட்டை, நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் காக்கும் ஆரோல்சன் காப்பகத்தில் கிடைத்தது. ஜெர்மன் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. அதை ஓசையை வைத்துத் தேட வேண்டும், எழுத்தை வைத்துத் தேடினால் அகப்படாது. முகம் தெரியாத இந்தத் தட்டச்சுக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

இனி, இந்த மடலுக்குக் காரணமானவர்.

அவர் பெயரைச் சொல்ல அனுமதி கேட்டோம். வேண்டாம் என்றார். அவர் ஏற்றுக்கொண்டது சின்ன வேலை. துவேர் குபெர்னியாவில், அதாவது பேரரசுக் கால மாகாணத்தில், சுற்றுக் கிராமங்களைச் சேர்த்த ஒரு பங்கின் கோயிலில் இருந்த மெத்ரிக்காவை, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று பகுதிகளாக எழுதப்பட்ட திருச்சபைப் பதிவேட்டை, 1868 முதல் 1878 வரை ஸ்கேனில் படித்து, யெகோர் என்ற ஒரு ஆண் குழந்தை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பத்து நாள் கழித்து வந்த பதில், 'இல்லை.'

மற்றவர்களும் 'இல்லை' சொன்னார்கள். அவர் சொன்ன 'இல்லை' மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. சில வரிகளைத் தமிழில் தருகிறோம்:

"1868: பிறப்புப் பகுதி முழுக்கப் படித்தேன். இந்தக் கிராமத்துக் குழந்தைகள் 9. கியோர்கி, யெகோர், யெகோரி மூன்று வடிவிலும் தேடினேன். இல்லை."

"1870: தாள் 12 முதல் 15 வரை காணவில்லை. இருக்கும் தாள்களில் இந்தக் கிராமத்துக் குழந்தைகள் 8. கூடுதலாக இருந்திருக்கலாம்."

"1872: வலது ஓரம் தண்ணீர் பட்டது. ஞானப் பெற்றோர் பெயர்களைப் படிக்க முடியவில்லை. குழந்தைகள் 11."

"1876: திருமணப் பகுதி பார்க்கவில்லை."

பார்த்தேன், இல்லை. படிக்க முடியவில்லை. பார்க்கவில்லை. இவை மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். வம்சாவளித் தேடலில் நடக்கும் தப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே 'இல்லை'யில் போட்டு மூடுவதால் வருபவை. இரண்டு வாரத்துக்குப் பிறகு வேறொருவர் அதே புத்தகத்தைத் திரும்ப எடுப்பார். அல்லது, இது இன்னும் மோசம், யாரும் திறக்காத புத்தகத்தைப் பார்த்தாகிவிட்டது என்று எல்லோரும் நம்பி விட்டுவிடுவார்கள்.

யாரும் கேட்காமலே அவர் செய்த இன்னொரு காரியம்தான் கதவைத் திறந்தது. வருடத்துக்கு இந்தக் கிராமத்தில் எத்தனை பிறப்பு என்று எண்ணி ஓரத்தில் குறித்திருந்தார். 9, 12, 8, 10, 11 என்று போய்க்கொண்டிருந்த எண்ணிக்கை 1873இல் திடீரென 2 ஆகிறது. அந்த இரண்டும் பிப்ரவரி முடிவதற்குள். அதற்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யம். கீழே ஒரு வரி: "இறப்புப் பகுதியையும் பார்த்தேன். அங்கேயும் இதே மாதத்திலிருந்து இந்தக் கிராமம் இல்லை."

கொள்ளைநோயோ தீவிபத்தோ வந்திருந்தால் இறப்புப் பகுதி நிரம்பியிருக்கும். பிறப்பும் சாவும் சேர்ந்து ஒரே மாதத்தில் நின்றால் ஊர் காலியாகவில்லை, பங்கின் எல்லை மாறியிருக்கிறது என்று அர்த்தம். 1869 சட்டத்துக்குப் பின் ரஷ்யாவில் பல சிறு பங்குகளைச் சேர்த்தும் பிரித்தும் அமைத்தார்கள். கிராமம் அதே இடத்தில்தான் இருந்தது. ஞானஸ்நானத்துக்கு வேறு கோயிலுக்குப் போனார்கள்.

மீதி வேலை இரண்டே நாள். 1860களில் அச்சான குபெர்னியா ஊர்ப் பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் வீடுகளின் எண்ணிக்கை, ஆண், பெண் தொகை, உயெஸ்த் (மாவட்டம்) தலைநகரிலிருந்து எத்தனை வெர்ஸ்த், கோயில் உண்டா என்பது வரை இருக்கும். ஒரு வெர்ஸ்த் என்பது ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. 7 வெர்ஸ்துக்குள் கோயில் உள்ள ஊர் மூன்று. இரண்டாவது கோயிலின் பதிவேட்டில் 1873 மார்ச்சிலிருந்து நம் கிராமத்தின் பெயர் வரத் தொடங்கியது.

அங்கே ஒரு குறுக்குவழியும் உண்டு. குடியானவர்கள் குழந்தைக்குப் பெயரைப் பெரும்பாலும் பிறந்த நாளை ஒட்டி வரும் புனிதரின் திருநாளைப் பார்த்தே வைத்தார்கள். கியோர்கிக்கு முக்கியமான திருநாள் இரண்டு: ஏப்ரல் 23, நவம்பர் 26. அந்த இரண்டு வாரங்களை முதலில் பார்த்தோம். 1874 நவம்பர் 21 பிறப்பு, 24 ஞானஸ்நானம், பெயர் கியோர்கி. தாள் 87, பின்பக்கம்.

அந்தப் 'பின்பக்கம்' முக்கியம். ரஷ்யக் காப்பகங்களில் பக்கத்துக்கு எண் கிடையாது, தாளுக்குத்தான் எண். காப்பகத்துக்கு எழுதும் மனுவில் ஃபோந்த் (தொகுப்பு), ஒபிஸ் (பட்டியல்), தேலோ (கோப்பு), தாள் என்று நாலும் எழுதி, பின்பக்கத்துக்கான 'ஒப்' என்ற சுருக்கத்தை விட்டுவிட்டால், தேடுபவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதி அனுப்பக்கூடும். அதையும் அவர்தான் எச்சரித்தார்.

தேதியிலும் ஒரு சிக்கல். குடும்பம் கொண்டாடி வந்தது டிசம்பர் 4. பதிவில் நவம்பர் 21. பழைய நாட்காட்டியிலிருந்து மாற்றும்போது 13 நாள் கூட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12தான் கூட்ட வேண்டும். 1900 பிப்ரவரிக்குப் பிறகுதான் 13. சரியான நாள் டிசம்பர் 3. இந்த ஒரு நாள் வித்தியாசத்தால் இது வேறு ஆள் என்று ஏற்கெனவே ஒருமுறை தள்ளப்பட்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

தாயின் பெயரும் அப்படித்தான். வீட்டு நினைவில் அவ்தோத்யா, பதிவில் யெவ்தோகியா. இரண்டும் ஒன்றே, முன்னது ஊர்வாய், பின்னது கோயில் வாய். அக்ஸின்யா என்றால் க்ஸேனியா, லுக்கெர்யா என்றால் கிளிக்கேரியா, அக்குலினா என்றால் அக்கிலினா. தந்தை 'இவான் பெத்ரோவ்.' இதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டுதான் இணையத்தில் சுற்றிய அந்த வம்ச மரம் வேறொரு குபெர்னியாவின் பெத்ரோவ் குடும்பத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நம்மவர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும்: அது இனிஷியல் மாதிரி. பெத்ரின் மகன் இவான். அவன் மகன் யெகோர் இவானோவ். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். குடியானவர்களில் பலருக்கு 1861 பண்ணையடிமை விடுதலைக்குப் பிறகுதான் குடும்பப் பெயர் மெல்ல நிலைத்தது. அந்த மரத்தை யார் போட்டார்கள் என்று இப்போது தோண்ட வேண்டாம். அவசரமாகச் சொன்ன ஒரு 'ஆம்', அதை நூறு பேர் நகலெடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரிலும் அதே அவசரம். கையில் இருந்த சோவியத் காகிதம் 'காலினின் ஒப்லாஸ்த்' (சோவியத் கால மாகாணம்) என்றது. துவேர் நகரம் 1931 முதல் 1990 வரை காலினின். ஒப்லாஸ்த் உருவானதே 1935இல்தான். 1874இல் பிறந்தவருக்கு அந்தப் பெயரில் பதிவு தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? பெயரை மாற்றிப் போட்டாலும் பழைய குபெர்னியாவும் இன்றைய ஒப்லாஸ்தும் அச்சாகப் பொருந்தாது. இன்று துவேர் ஒப்லாஸ்தில் இருக்கும் தொரோபெத்ஸ் அன்று பிஸ்கோவ் குபெர்னியா. பேலி அன்று ஸ்மோலென்ஸ்க்.

கிடைத்ததும் துள்ளிக் குதித்தோம். அவர் குதிக்கவில்லை. "1879 வரை இறப்புப் பகுதியைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதினார். குழந்தைச் சாவு மலிந்திருந்த காலம். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் சகஜம். முதல் கியோர்கி இறந்து, இரண்டாவது கியோர்கி நம் ஆளாக இருந்தால்? ஐந்து வருடத்து இறப்புகளைப் படித்தோம். நம் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் போயிருந்தார்கள். பையன் பிழைத்திருந்தான்.

தந்தையை உறுதி செய்ய 1858ஆம் ஆண்டின் பத்தாவது ரெவிசியா, அதாவது வரிக்கான மக்கள் கணக்கெடுப்பு, உதவியது. அந்த ஆவணத்தின் பெயர் 'ரெவிஸ்கயா ஸ்காஸ்கா'. ஸ்காஸ்கா என்றால் இன்றைய ரஷ்ய மொழியில் தேவதைக் கதை. இங்கே வாக்குமூலம் என்று பொருள். ஆண்களுக்கு முந்தைய கணக்கெடுப்பு வயதும் இப்போதைய வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பெண்களுக்கு இப்போதைய வயது மட்டும். பண்ணையடிமைகளை ஊர்வாரியாகத் தேடினால் அகப்படாது, நிலவுடைமையாளரின் பெயரில் தேட வேண்டும். அந்தப் பெயர் 1861க்கு முந்தைய மெத்ரிக்காவில், தந்தையின் பெயருக்கு முன்னால், 'இன்னாருடைய குடியானவன்' என்று எழுதியிருக்கும். அடிமைத்தனத்தின் அந்த ஒரு சொல்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறது. சங்கடமாகத்தான் இருக்கிறது.

இனிமேல் எங்கள் கையிலிருந்து போகும் எந்தப் பதிலும் வெறும் 'இல்லை'யாக இருக்காது. எந்தப் புத்தகம், எந்தத் தாளிலிருந்து எந்தத் தாள் வரை, பெயரின் எந்தெந்த வடிவங்கள், எது கிழிந்தது, எது படிக்க முடியாதது, எதைத் திறக்கவே இல்லை, கிராமத்துக்கு வருடாவருடம் எத்தனை பிறப்பு. இது தேடலோடு சேர்ந்தே போகும். பழைய பதில்களையும் இந்தக் கணக்கில் திருப்பி எழுதத் தொடங்கிவிட்டோம். 23 புத்தகங்களில் 9இல் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவற்றை மறுபடி படிக்க வேண்டும்.

சான்று வந்த அன்று இரவே அவருக்கு எழுதினோம். நன்றிதான், கொஞ்சம் நீளமாக. மறுநாள் பதில் வந்தது. மகிழ்ச்சி என்று ஒரு சொல். அதற்குக் கீழே: "1870இன் காணாமல் போன தாள்கள். அந்தக் காலத்தில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கோயிலில் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கான்சிஸ்டரிக்கு (மறைமாவட்ட அலுவலகம்) அனுப்புவார்கள். நான் படித்தது கோயில் பிரதி. பையனுக்கு அக்கா ஒருத்தி இருந்திருக்கலாம். மற்றப் பிரதியைப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறோம்.