64-ம் இடம் இரண்டு பேருக்கு

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டார்கள். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? எழுது.

பாப்பா வெப்சைட் புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள், சர்வர் சைடு என்கிறார்களே அது என்ன, எதில் ஆரம்பிப்பது என்று கேட்டு நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். முதலில் கிளப் போட்டி வேலை இருந்தது. போட்டி முடிந்த பிறகு ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு பாப்பாவுக்குப் பாடம் மட்டும் எழுத எனக்கு வரவில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே 'சரி விடுடா' என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அவளிடம் கொடு.

இந்த வருஷம் நம்ம கேரம் போட்டிக்கு என்ட்ரி எல்லாம் வெப்சைட்டில்தான். செயலாளர் அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாதம் படும் பாட்டைப் பார்த்து நானே செய்து தருகிறேன் என்றேன். ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மூன்று வாரத்தில் முடித்தேன். புரோகிராம் எழுத பிஎச்பி, பேர்களைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர். 64 பேர், நாக்அவுட், ஆறு ரவுண்டு. ஃபாலோ மாமா கூட தன் பேரனின் போனில் பேர் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

பாப்பாவுக்கு முதலில் இதைச் சொல். அவள் அப்பா நீ ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான் சர்வர் சைடு. ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் ரயில் நேர போர்டு சும்மா ஒரு எச்டிஎம்எல் பக்கம் மாதிரி. யார் வந்து பார்த்தாலும் ஒரே எழுத்து. கவுன்டர் அப்படியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஃபார்மை எழுதி நீட்டுகிறார். இந்தப் பக்கம் நீ வாங்கிப் பார்க்கிறாய், சிஸ்டத்தில் கேட்கிறாய், அவருக்கென்று ஒரு டிக்கெட் அச்சாகி வருகிறது. அடுத்தவர் நீட்டினால் வேறு டிக்கெட். பிரவுசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாம் எழுதும் புரோகிராம் இந்தப் பக்கம். அங்கிருந்து வருவது ரிக்வெஸ்ட், நாம் திருப்பித் தருவது ரெஸ்பான்ஸ். 'ஒரு தகவலைக் காட்டு' என்று வந்தால் கெட், 'இதை வாங்கிப் பதிந்துகொள்' என்று வந்தால் போஸ்ட். எல்லாம் சரியென்றால் 200, அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் 404, நம் புரோகிராமே விழுந்துவிட்டால் 500. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், நாலு நாள் உட்கார்ந்தால் தானாக வரும்.

ஆனால் உன் கவுன்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரே ஆள் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை வந்தால் உனக்கு முகம் தெரியும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்குத் தெரியாது. ஒவ்வொரு ரிக்வெஸ்டும் புது ஆள். அதனால்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுலி குக்கி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் தடவை வரும்போது சர்வர் ஒரு டோக்கன் கொடுத்து அனுப்புகிறது. பிரவுசர் ஒவ்வொரு தடவையும் அதைக் கூடவே கொண்டுவந்து காட்டுகிறது. டோக்கன் எண்ணுக்கு நேராக சர்வர் வைத்திருக்கும் குறிப்புதான் செஷன். செயலாளர் அண்ணன் ஒரு தடவை லாகின் செய்துவிட்டு, யாரோடு யார் ஆடுவது என்ற டிராவைப் பார்க்க, திருத்த, அச்செடுக்க முடிந்தது இதனால்தான்.

அப்புறம், அவள் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய விஷயம்: கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வரும் எதையும் நம்பக் கூடாது. என் ஃபார்மில் கட்டணம் 150 ரூபாயை மறைவான ஒரு கட்டத்தில் வைத்திருந்தேன். அது அப்படியே சர்வருக்கு வரும், ரசீதில் அச்சாகும். பாலிடெக்னிக் பையன் ஒருவன் பிரவுசரிலேயே அந்த 150-ஐ 1 ஆக்கி அனுப்பிவிட்டான். ஒரு ரூபாய்க்கு ரசீது! நல்ல பையன், மறுநாள் டீக்கடையில் அவனே காட்டிவிட்டு 150 கட்டினான். கட்டணம் எவ்வளவு என்பதை வந்தவரிடமா கேட்பார்கள்? நீ கேட்பாயா? அன்றைக்கே அதை சர்வர் பக்கம் மாற்றினேன்.

இன்னொன்று. ராயபுரத்திலிருந்து ஒருவர் பேர் கொடுக்கப் பார்த்திருக்கிறார், மூன்று தடவையும் 500 வந்திருக்கிறது. அவர் குடும்பப் பேர் டி'குரூஸ். நடுவில் ஒற்றை மேற்கோள் இருக்கிறதே, அதுதான். நான் பேரை அப்படியே எஸ்கியூஎல் வரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளைக்குள், ஒட்டியிருந்தேன். 'பேர் இங்கே முடிந்தது' என்பதற்கும் அதே குறிதான், அதனால் வரி பாதியில் உடைந்துவிட்டது. அவர் தன் சொந்தப் பேரைத்தான் எழுதினார். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் அந்த இடத்தில் எஸ்கியூஎல் கட்டளையையே எழுதியிருந்தால் பேர்கள் இருக்கும் டேபிளையே அழித்திருக்க முடியும். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்று ஒரு முறை இருக்கிறது: வாக்கியத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும், பேரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்போது டேட்டாபேஸ் பேரைப் பேராக மட்டும்தான் பார்க்கும். பாப்பா முதல் நாளிலிருந்தே இப்படித்தான் எழுத வேண்டும், சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் போட்டிக்கு முன்னாலேயே தெரிந்து சரி செய்தவை. இனிமேல் எழுதப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது.

போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, சார்ட்டில் ஒரு பேர் மிச்சம் நிக்குது." எண்ணினேன், 65. மறுபடி எண்ணினேன், 65தான். கடைசி இரண்டு பேரும் பதிந்த நேரத்தைப் பார்த்தேன். ராத்திரி 9 மணி 14 நிமிஷம் 7 விநாடி. இரண்டு பேருக்கும் அதே விநாடி. இரண்டு பேர் போனிலும் 'உங்கள் இடம் 64. உறுதி' என்று வந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று கேள். என் புரோகிராம் செய்வது இரண்டு வேலை. முதலில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று டேட்டாபேஸைக் கேட்கும். 64-க்குக் குறைவென்றால் புதுப் பேரை எழுதும். நான் சோதித்தபோதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அப்போது நான் ஒருவன்தான் அழுத்தினேன். அன்று முதல் ஆளுக்காகக் கேட்டபோது 63 என்று பதில் வந்தது. அவர் பேரை எழுதுவதற்குள், இரண்டாவது ஆளுக்காகவும் கேட்டாகிவிட்டது. அப்போதும் 63தான். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்து, இரண்டு பேரையும் எழுதிவிட்டது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இருந்தது கண் சிமிட்டும் நேரம் கூட இல்லை.

நம்ப முடியாமல் அன்று ராத்திரியே செய்து பார்த்தேன். வீட்டு லேப்டாப்பில் ஒரு நகலை எடுத்து, கேட்கும் வரிக்கும் எழுதும் வரிக்கும் நடுவில் 'இரண்டு விநாடி தூங்கு' என்று ஒரு வரி சேர்த்தேன். என் போன் ஒரு கையில், வீட்டிலிருந்த இன்னொரு போன் ஒரு கையில். இரண்டு கட்டை விரலாலும் ஒரே நேரத்தில் அழுத்தினேன். இரண்டு திரையிலும் அந்தச் சின்ன வட்டம் சுற்றியது. பிறகு இரண்டிலும் ஒன்றாக, 'உங்கள் இடம் 64. உறுதி'. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன் மச்சான், கை நடுங்கியது. அந்த 'உறுதி' என்ற வார்த்தையை அங்கே போட்டது நான். யாரும் போடச் சொல்லவில்லை. பார்க்க நன்றாக இருக்கும் என்று போட்டேன்.

உன் சிஸ்டத்தில் கடைசி பெர்த்துக்கு மதுரையில் நீயும் எழும்பூரில் இன்னொருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் ஒருவருக்குத்தான் போகிறது. யாரோ உட்கார்ந்து யோசித்து அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் நீ நிம்மதியாக டீ குடிக்கப் போகிறாய். செய்ய வேண்டியது பெரிய வித்தையும் இல்லை. கேட்பதையும் எழுதுவதையும் பிரிக்காமல் ஒரே கட்டளையாக டேட்டாபேஸிடம் கொடுத்துவிட வேண்டும்: 'நிரம்பிய இடம் 64-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு.' பிறகு எத்தனை வரி மாறியது என்று பார்க்க வேண்டும். ஒன்று என்றால் இடம் கிடைத்தது, பூஜ்யம் என்றால் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து வந்தாலும் டேட்டாபேஸ் அந்த வரியைப் பூட்டி ஒருவர் பின் ஒருவராகத்தான் விடும். இடத்தைக் கூட்டுவதும் பேரை எழுதுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் இரண்டும் நடந்திருக்கும், அல்லது இரண்டுமே நடந்திருக்காது. ஆறு வரி மாற்றம். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் விடிந்தால் போட்டி. கமிட்டி பேசி, அந்த இரண்டு பேரும் முதல் ரவுண்டுக்கு முன்னால் ஒரு கேம் ஆடட்டும், ஜெயித்தவர் 64-ம் ஆள் என்று முடிவு செய்தது. வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், நம்ம கிளப்பில் ஆடிப் பழகியவர். இன்னொருத்தி காசிமேட்டிலிருந்து வந்த பெண், 13 வயது இருக்கும், முதல் போட்டி. 2008-ல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனபோது நாம் நடு ராத்திரி வரை பேசிக்கொண்டு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? 2024-ல் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் ஜெயித்த பிறகு இங்கே மறுபடி அந்தச் சூடு வந்திருக்கிறது. போர்டைச் சுற்றிப் பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். இவளும் அதில் ஒருத்தி.

அவள் அப்பா மீன் வண்டி ஓட்டுகிறவர். அன்று ஞாயிறு. காசிமேட்டுக்காரருக்கு ஞாயிறு வியாபாரத்தை விடுவது என்ன என்று உனக்கே தெரியும். விட்டுவிட்டு வந்திருந்தார். கூடுதலாக ஒரு கேம் என்றதும் சத்தம் போடவில்லை. போனை எடுத்துக் காட்டி, "உறுதின்னுதானே சார் போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். உறுதியான டிக்கெட்டோடு வந்து நிற்பவருக்கு நீ என்ன பதில் சொல்வாய்? நான் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொன்னதால் அந்தக் கேம் இல்லாமல் போய்விடாது.

அவளிடம் சொந்த ஸ்ட்ரைக்கர் இல்லை. கிளப்பின் பொது ஸ்ட்ரைக்கர், ஓரம் செதில் விட்டது, அதை வைத்துத்தான் ஆடினாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். 19 பாயின்ட் வரை வந்துவிட்டாள் மச்சான். ஏழாவது போர்டில் ரெட் காயினை அழகாக விழுத்தினாள். அதை உறுதியாக்க உடனே போட வேண்டிய ஃபாலோ காயின் மூலையில் மோதி நின்றுவிட்டது. ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. அதைத் துறைமுகத்துக்காரர் எடுத்தார், 25 ஆகி கேம் முடிந்தது. அவள் எழுந்து கை கொடுத்துவிட்டு, காயின்களை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அப்பாவும் மகளும் எம்.சி. ரோடு பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோற்றிருப்பாள்தான், முதல் ரவுண்டிலேயே கூடத் தோற்றிருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த முதல் ரவுண்டு அவளுக்கு உரியது.

சரி, பாப்பாவுக்கு. ஜாவாஸ்கிரிப்டா, பைத்தானா, பிஎச்பியா என்று இரண்டு மாதம் யோசிக்க வேண்டாம். நான் செய்த தப்பை எந்த மொழியிலும் செய்யலாம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் பிஎச்பியை ஆரம்பித்ததே தன் ரெஸ்யூமேவை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரு சின்னத் தேவை போதும். அவளுக்கும் ஒரு சின்ன வேலை கொடு. தெரு லைப்ரரி கணக்கோ, உங்கள் அபார்ட்மென்ட் தண்ணீர் கேன் கணக்கோ. லாரவெல், ஜாங்கோ மாதிரி ரெடிமேட் கட்டமைப்பு எல்லாம் பிறகு. முதலில் வெறும் கையால் ஒரு ஃபார்மை வாங்கி, சர்வரில் சரிபார்த்து, டேபிளில் எழுதி, திருப்பிக் காட்டட்டும். எஸ்கியூஎல்லை மொழிக்குச் சமமாகப் படிக்கட்டும். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கவே கூடாது. பிஎச்பியில் அதை உருமாற்றிச் சேமிப்பதற்கென்றே 2013-லிருந்து தனி ஃபங்ஷன் இருக்கிறது. செய்து முடித்ததும் இரண்டு போனில் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கச் சொல். அதற்கு நான் லேப்டாப்போடு வீடியோ காலில் வருகிறேன், சனிக்கிழமை ராத்திரி எனக்குச் சரி.

நேற்று காசிமேடு போய் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். சாயங்காலம் கிளப்புக்கு அனுப்புங்கள், போர்டு ஒன்று ஒதுக்கித் தருகிறோம், செயலாளர் அண்ணன் ஒப்புக்கொண்டார் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்று ஐந்து மணிக்கு அவளே வந்துவிட்டாள், தன் அண்ணனோடு. ஒன்றரை மணி நேரம் ஃபாலோ மட்டும் அடித்துப் பழகினாள். கையில் மறுபடி அந்தச் செதில் விட்ட ஸ்ட்ரைக்கர்.

நீ மாற்றலாகிப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன உன் ஸ்ட்ரைக்கர் பீரோவில் துணி சுற்றி அப்படியே இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுக்கலாமா? உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். இதற்கு மட்டும் உடனே பதில் போடு.

உன்
டபுள்ஸ் பார்ட்னர்