நிழலும் அச்சில் வரட்டும்

ஆசிரியருக்கு,

சிறுவர் இதழ்களின் படங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, காகித வெட்டுச் சித்திரங்கள் அச்சில் தட்டையாகத் தெரிவதாகக் குறைபட்டுக்கொள்கிறது. குறை சரிதான், ஆனால் கோளாறு கத்தரியில் இல்லை, படியெடுக்கும் முறையில் இருக்கிறது. வெட்டிய ஒரு காகித இலைக்கு அடியில் சின்ன அட்டைத் துண்டை ஒட்டித் தூக்கிவைப்போம். அது விழுத்தும் நிழல்தான் படத்துக்கு ஆழம். ஸ்கேனரின் மூடி இலையை அமுக்கும், அதன் வெளிச்சம் நிழலைத் தின்றுவிடும். நான் செய்த யானையின் காது, இதழில் வந்தபோது உடம்போடு ஒட்டி வெறும் சாம்பல் திட்டாகிவிட்டது.

இத்தகைய படங்களைப் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் புகைப்படமாக எடுப்பதே முறை. அந்தச் செலவை ஓவியரின் ஊதியத்தில் பிடிக்காமல் பதிப்பகங்களே ஏற்க வேண்டும். விளக்கு எந்தப் பக்கம் என்று அவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

– ஒரு காகிதச் சித்திரக் கலைஞர்