பந்தைக் கொடுத்துப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாகத் தங்கள் நாளிதழை வாங்கிப் படித்து வருகிறேன். போன ஞாயிறு இணைப்பில் பள்ளி உடற்கல்வி பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "பந்தை எறிந்து குறியை அடிப்பது, குறியைக் காப்பது போன்ற விளையாட்டுகள் பெண் குழந்தைகளின் இயல்புக்கு ஒத்துவராது, அவர்களுக்கு ஸ்கிப்பிங்கும் யோகாவும் போதும்." காலையில் படித்தேன். மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

1987 முதல் 2019 வரை அரசுப் பள்ளிகளில், அதிலும் பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளில், உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் முதல் நாள் பந்தைக் கொடுத்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். வலது கையால் எறிபவள் வலது காலையே முன்னால் வைப்பாள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். பந்து பத்தடியில் விழும். கட்டுரையாளர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். பந்தே தொடாமல் வளர்ந்த பையனும் அப்படித்தான் எறிவான். அவனுக்குத் தெருவில் கிரிக்கெட் இருக்கிறது, கல்லெறிய மாமரம் இருக்கிறது. இவளைத்தான் "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை" என்று உள்ளே கூப்பிட்டுவிடுகிறோமே. இடது காலை முன்னால் வை, பக்கவாட்டில் நில், முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கு, இடுப்பைத் திருப்பி விடு என்று நாலு வாரம் சொல்லிக்கொடுத்தால் அதே பிள்ளை கிரவுண்டின் பாதி தூரம் எறிகிறாள். என் கண்ணால் பார்த்தது இது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாவாடை தாவணியில் வருவார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் தாவணி விலகும். அதனால் கை மேலேயே போகாது. பின்னாளில் சுடிதார் சீருடை வந்தபோது, சொல்லாமலே பாதிப் பேரின் எறி மாறியது. இயல்பு என்று கட்டுரையாளர் எழுதுகிறார்; எனக்குத் தாவணிதான் ஞாபகம் வருகிறது.

குறியைக் காப்பது வராதாம். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டு பந்து என்று இருந்த பள்ளியில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பழைய துணியை உருட்டி, அதன் மேல் சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டிச் சுற்றி, பிள்ளைகளே பந்து செய்தார்கள். எட்டுப் பேர் ஒரு வட்டம். நடுவில் உடைந்த ஸ்டூல், அதற்கு ஒருத்தி காவல். வட்டத்துக்குள் வராமல் எறிந்து ஸ்டூலில் படவைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் எல்லோரும் வேகமாக எறிவார்கள், காவல்காரி எல்லாவற்றையும் தடுத்துவிடுவாள். அப்புறம் யாராவது ஒருத்திக்குப் புரியும். எறிவதுபோல் கையை ஓங்கி, எதிர்ப்பக்கத்தில் நிற்பவளுக்குப் பந்தைத் தட்டிவிடுவாள். காவல்காரி திரும்புவதற்குள் ஸ்டூலில் 'டொக்'. அடுத்த வாரம் காவல்காரியும் மாறிவிடுவாள். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், எறிகிறவளின் தோளையும் கண்ணையும் பார்க்கத் தொடங்குவாள். ஓட்டத்தில் கடைசியாக வந்து, எந்த அணியிலும் இடம் கிடைக்காத பிள்ளைகள் இந்தக் காவலில் யாரும் அசைக்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நம் ஏழு கல்லில் இருப்பதும் இதேதானே? அடுக்கைக் கலைக்க எறி, கலைந்ததை அடுக்கவிடாமல் எறி. எங்கள் பாட்டிமார் ஆடிய ஆட்டம் அது.

சரி, சொல்ல வந்ததற்கு அப்பால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் மனதில் கிடந்தவை எல்லாம் சேர்ந்து வருகின்றன. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் "போர்ஷன் முடியல மிஸ், உங்க பீரியடை எனக்குக் கொடுத்துடுங்க" என்று கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். பத்தாம் வகுப்புக்கு அந்த பீரியட் அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள்களுக்கென்று ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, அதற்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கினார்கள். நான் இருந்த ஒரு பள்ளியில் அந்தப் பணத்தில் வாங்கிய பந்துகள் பீரோவிலேயே கிடந்து காற்று இறங்கின. "தொலைஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றது" என்றார்கள். இருந்த கிரவுண்டில் பாதியை வகுப்பறைக் கட்டடம் எடுத்துக்கொண்டது. மீதியில் வட்டாரப் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடுவார்கள்; மற்ற ஐந்நூறு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இதையெல்லாம் கட்டுரையாளர் எழுதியிருந்தால் அவருக்குக் கைகூப்பியிருப்பேன்.

பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டமான ஹேண்ட்பால், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1976 மாண்ட்ரியலில் இருந்தே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிய அன்னு ராணி, மீரட் பக்கத்துக் கிராமத்துப் பெண். கிரிக்கெட் ஆடும்போது அவர் எறிவதைப் பார்த்த அண்ணன், கரும்பைக் கையில் கொடுத்து வயலில் எறியச் சொன்னதில் தொடங்கியதாம் எல்லாம். அந்த அண்ணனும், இயல்புக்கு ஒத்துவராது என்று நினைத்திருந்தால்? தங்கள் விளையாட்டுப் பக்கத்திலேயே அவர் படம் வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் ஹேண்ட்பால் என்று போட்டிருந்த படத்தில் நடுவே வலை கட்டியிருக்கிறது. அது வாலிபால். ஹேண்ட்பாலில் நடுவில் வலை கிடையாது; இரண்டு பக்கமும் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரத்தில் கோல், அதைக் காக்க ஒரு கோல் கீப்பர் இருப்பார். நம் ஊரில் இரண்டையுமே கைப்பந்து என்று எழுதுவதால் பிள்ளைகள் ஏற்கெனவே குழம்புகிறார்கள். படத்தை மாற்றி, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இணைப்பின் ஏதாவது ஒரு மூலையில் சிறியதாக வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
செய்யாறு.